18 ஆகட்டும்னு சொல்றாங்க, அதுவரைக்கும்?

கேள்வி, 2024 ஜூன் 7

என் தங்கச்சி மக பத்தாவது முடிச்சு இந்த வருஷம் +1 போறா. சின்னதுலேர்ந்தே பேண்ட் சட்டைதான் பிடிக்கும். போன தீபாவளிக்கு அப்புறம் "நான் பொண்ணு இல்ல, பையன்"னு சொல்ல ஆரம்பிச்சா. போன வாரம் ஜடையைத் தானே கத்தரிக்கோலால வெட்டிக்கிட்டா. தங்கச்சி வீட்டுக்காரர் படிப்பை நிறுத்தணும்ங்கறார். "18 ஆகட்டும், கட்டிக் குடுத்துட்டா சரியாயிடும், அதுவரைக்கும் கண்டிச்சு வச்சாப் போதும்"னு பிடிவாதமா இருக்கார். திருநங்கைங்களைப் பார்த்திருக்கேன். பொண்ணாப் பொறந்தவங்கள்ல இப்படி உண்டா? டாக்டர்கிட்ட காட்டினா மாறுமா? 10-ஆம் தேதி ஸ்கூல் திறக்குது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜூன் 7, ராத்திரி

உண்டு அக்கா. எழுதற நானே அப்படித்தான். திருநம்பி, வயசு 27. சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம், இப்ப திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில கணக்குப் பார்க்கறேன்.

இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு. 10-ஆம் தேதி அந்தப் புள்ள ஸ்கூலுக்குப் போயாகணும், முடி எந்தக் கோலத்துல இருந்தாலும். மிச்சம் நாளைக்கு. கண்ணைக் கட்டுது.

ஜூன் 8

டாக்டர் விஷயம். "மாத்திக் குடுக்கறேன்"னு யார் சொன்னாலும் ஃபீஸ் கட்டாம எழுந்து வந்துடுங்க. 2021 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு உத்தரவு போட்டார். இவங்களைக் "குணப்படுத்தறேன்"னு வைத்தியம் பண்ணக் கூடாது, பண்ற டாக்டரோட லைசென்ஸ் மேல நடவடிக்கை எடுக்கணும்னு அதுல இருக்கு. அடுத்த வருஷமே தேசிய மருத்துவ ஆணையம் இது தொழில் ஒழுக்கக் கேடுன்னு மாநில மருத்துவ கவுன்சில்களுக்கு எழுதிடுச்சு. அந்த வழக்குல எனக்குப் பிடிச்சது வேற. தனக்கே இதுபத்தி சரியாத் தெரியலைன்னு அந்த நீதிபதி ஒரு உளவியல் நிபுணர்கிட்ட உட்கார்ந்து கேட்டுட்டு வந்து அப்புறம்தான் உத்தரவு எழுதினார். உங்க தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் அப்படி உட்காருவாரான்னு கேட்டுப் பாருங்க.

என்னை இழுத்துக்கிட்டுப் போனப்ப இந்த உத்தரவெல்லாம் கிடையாது. அந்த டாக்டர் பேர் வேண்டாம். அவர் என்கிட்ட ஒரு கேள்வி கேட்கல. அப்பா பேசினார், அவர் எழுதினார். அந்த மாத்திரையில +1 காலாண்டுப் பரீட்சை முழுக்கத் தூங்கி வழிஞ்சேன், அக்கவுண்டன்சியில ஃபெயில். (இன்னைக்கு அதே அக்கவுண்டன்சிதான் சோறு போடுது.) மாத்திரை வேலைக்காகலைன்னு தெரிஞ்சதும் மேல்மலையனூர். அமாவாசை ராத்திரி, ஊஞ்சல் உற்சவக் கூட்டம், கையில எலுமிச்சம்பழம். அங்காளம்மனுக்கு என் மேல ஒரு வருத்தமும் இருக்கலபோல. போனபடியே திரும்பி வந்தேன்.

ஆனா மனநல ஆலோசகர்கிட்டயே போகாதீங்கன்னு நான் சொல்லல. புள்ள சரியாச் சாப்பிடலை, தூங்கலை, கையில கீறிக்குதுன்னா உடனே கூட்டிட்டுப் போங்க. அது அந்த வேதனைக்கு வைத்தியம். பையன்னு சொல்றதை மாத்தறதுக்கு இல்ல. ஊசி, ஆபரேஷன் பேச்சை இப்ப யாரும் எடுக்கவே வேண்டாம். அதெல்லாம் 18-க்கு மேல அந்தப் புள்ளையும் டாக்டரும் பேசி முடிவு பண்ற விஷயம். இப்ப அது கேக்கறது ஒரு முடிவெட்டு, அவ்வளவுதான்.

ஜூன் 9

"18 ஆகட்டும்"ங்கறதுக்கு வர்றேன். எனக்கு ரொம்ப எரிச்சலான வாக்கியம் அது. சொல்றவங்களுக்கு நியாயமாத்தான் படும், ஏன்னா சட்டமும் அதையேதான் சொல்ற மாதிரி இருக்கு.

2014 ஏப்ரல் 15, உச்ச நீதிமன்றத்தோட நால்சா தீர்ப்பு. ஆணா பெண்ணா மூணாம் பாலினமான்னு அவரவரே சொல்லிக்கலாம், ஆபரேஷன் பண்ணியிருக்கணும்னு யாரும் கேட்கக் கூடாது. அப்புறம் 2019-ல திருநர் (திருநங்கை, திருநம்பி எல்லாரும்) பாதுகாப்புச் சட்டம் வந்து, 2020 ஜனவரி 10-லேர்ந்து அமல். கலெக்டர் சான்றிதழ் தருவார், அதுக்கு உடம்புப் பரிசோதனை கிடையாதுன்னு 2020 விதிகள்ல சொன்னாங்க. கேக்க நல்லா இருக்கில்ல? ஆனா 18 வயசுக்குக் கீழ உள்ள புள்ளைக்கு யார் மனு போடணும்? அப்பா அம்மா, இல்லைன்னா காப்பாளர். எந்த வீட்ல அடி விழுதோ அந்த வீட்டோட கையெழுத்து வேணும்.

அதே சட்டத்துல இன்னொரு பக்கமும் இருக்கு. திருநர்ங்கற காரணத்துக்காக ஒரு குழந்தையைக் கோர்ட் உத்தரவு இல்லாம பெத்தவங்ககிட்டேர்ந்து பிரிக்கக் கூடாது. வீட்டை விட்டோ ஊரை விட்டோ துரத்தினா ஆறு மாசத்துலேர்ந்து ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். ஸ்கூல் பாகுபாடு காட்டக் கூடாது, விளையாட்டுலயும் சேர்த்துக்கணும். தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட இந்தப் பத்தியை மட்டும் காட்டுங்க. மேல எழுதின பத்தியைக் காட்ட வேண்டாம், குஷியாயிடுவார்.

இப்ப கணக்கைப் பாருங்க. மீசை முளைக்கற வயசுலயும் வயசுக்கு வர்ற வயசுலயும், அதாவது 11-லேர்ந்து 15-க்குள்ள, உடம்பு நமக்கு விரோதமாப் போகுது. கிண்டலும் வீட்ல அடியும் அப்பதான் ஆரம்பிக்குது. சட்டம் நம்ம கையில வர்றது 18-ல. நடுவுல இருக்கற வருஷத்துல புள்ள என்ன ஆகும்ங்கறதுதான் மொத்த விஷயமும். தமிழ்நாடு 2008-லயே நலவாரியம் ஆரம்பிச்ச மாநிலம், நாட்டுக்கே முன்னோடி, பெருமைதான். ஆனா வாரிய அட்டை வாங்க ஆள் 18 வரைக்கும் உசுரோட, ஏதோ ஒரு படிப்போட வந்து சேரணுமே.

ஜூன் 13

ஸ்கூல்ல உள்ள விட்டாங்களா, சந்தோஷம். முடி வளர்ற வரைக்கும் தலையில துணி கட்டிட்டு வரச் சொன்னது கொஞ்சம் ஓவர்தான், ஆனா இப்ப அதுக்காகச் சண்டை போடாதீங்க. ஹெட்மிஸ்ட்ரஸ் டி.சி. குடுக்கறேன்னு சொல்லல இல்ல, அது பெரிய விஷயம்.

பெண்கள் பள்ளியாங்கறீங்க. என் அனுபவத்துல அது பாதி நல்லது. நானும் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிதான். ரெட்டை ஜடை, ரிப்பன், துப்பட்டாவை ரெண்டு தோள்லயும் பின் குத்தணும். காலைல அந்தப் பின்னைக் குத்தறப்ப தினமும் ஒரு எரிச்சல் வரும். ஆனா உள்ள போனப்புறம் யாரும் அடிக்கல. கிளாஸ்ல எங்க டெஸ்க்கு நகர்த்தணும், எங்க பல்பு மாத்தணும்னாலும் என்னைக் கூப்பிடுவாங்க. பொங்கல் விழாவுல கட்டபொம்மன் வேஷம் எனக்குத்தான். அந்த மீசையைக் கழுவாம வீட்டுக்குப் போய் வாங்கின அடி தனிக் கதை.

எங்க தெருவுலயே இருந்த இன்னொரு புள்ளைக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. பையனாப் பொறந்த பொண்ணு, பசங்க பள்ளி. நடையைப் பார்த்து ஒரு பட்டப்பேர், குரலைப் பார்த்து ஒரு பட்டப்பேர். பாத்ரூம் போனா பின்னாடியே நாலு பேர் போவானுங்க. அதனால காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்காது. ஒன்பதாவதுல நின்னுடுச்சு. "படிப்பு ஏறல"ன்னு அவங்க வீட்ல சொன்னாங்க. என்னைவிட நல்லாப் படிச்ச புள்ள.

போன வருஷம் நாமக்கல் மாவட்டத்துல ஒரு திருநங்கை +2-ல 600-க்கு 337 வாங்கினதா எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு, அமைச்சருங்க வாழ்த்தினாங்க. நானும் பெருமையாத்தான் படிச்சேன். அப்புறம் அடுத்த வரி: அந்த வருஷம் திருநங்கைன்னு பதிஞ்சு +2 எழுதினது மாநிலத்துலயே அவங்க ஒருத்தர். எழுதினவங்க மொத்தம் 8 லட்சத்துக்கு மேல. இந்த மே மாசமும் அதே கதை, சென்னையில ஒருத்தர். 2011 சென்சஸ்ல தமிழ்நாட்டுல "இதர"ன்னு பதிஞ்சவங்க 22,364 பேர். மிச்சப் புள்ளைங்க எங்கன்னா, என்னை மாதிரி தப்பான பேர்லயும் பால்லயும் ஹால் டிக்கெட் வாங்கி எழுதியிருக்கும், இல்லைன்னா ஒன்பதாவதுல நின்னிருக்கும். ரெண்டு பேருக்குமே பேப்பர்ல படம் வராது.

நாமக்கல் புள்ளைக்கு அவங்க அம்மா கூட நின்னாங்க, பெண்கள் பள்ளி சேர்த்துக்கிச்சு. வேற ரகசியம் ஒண்ணும் இல்ல.

ஜூன் 16

"வயசுக்கு வந்தப்ப என்ன பண்ணீங்க, தப்பா நினைக்காதீங்க தம்பி"ன்னு கேட்டிருக்கீங்க. தப்பா நினைக்கல. யாரும் கேக்காத கேள்வி. திருநங்கைங்க பத்தி நாலு பேர் நாலு விதமாவாவது பேசறாங்க, எங்களுக்கு இந்த ஒரு நாள் எப்படின்னு யாரும் கேக்கறது இல்ல.

எனக்கு 13. குடிசை கட்டினாங்க, தென்னங்கீத்து மாமா வெட்டிட்டு வந்தது. தனித் தட்டு, தனி டம்ளர். உளுந்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை. உளுந்தங்களி இன்னைக்கும் பிடிக்கும், அது மேல எனக்குக் கோபம் இல்ல. அந்தக் குடிசையில உட்கார்ந்து நான் நினைச்சது ஒண்ணுதான்: இதுவரைக்கும் யாருக்கும் சந்தேகம் இருந்திருந்தா, இப்ப அதுவும் போச்சு.

சடங்கு மண்டபத்துல. அப்பாவுக்கு ஊர் முழுக்க மொய் எழுதின பாக்கி இருந்துச்சு, வசூல் பண்ற சான்ஸ் என் தலையில. பட்டுப்புடவை, ஒட்டியாணம், சவுரி வச்ச ஜடை, அதுல பூ அலங்காரம். போட்டோகிராபர் ஒருத்தர் "கன்னத்துல கை வை பாப்பா, வெக்கப்படு பாப்பா"ன்னு உசுரை வாங்கினார். மாமா தாம்பாளம் தாம்பாளமா சீர் கொண்டு வந்தார், மேளம், வெடி, வண்டி நிறைய ஆளு. எல்லாத்தையும் விட ஃபிளெக்ஸ்தான். பஸ் ஸ்டாப் முக்குல, பெட்ரோல் பங்க் எதிர்ல, ஆளுயரத்துக்கு மேல என் படம். கீழ வரிசையா அத்தை பசங்க, மாமா பசங்க போட்டோ, கூலிங் கிளாஸ் போட்டு செல்போன்ல பேசற போஸ். விழா முடிஞ்சும் அதை யாரும் எடுக்கல. மழை பேஞ்சு கலர் இறங்கற வரைக்கும் நான் தினமும் அந்த பஸ் ஸ்டாப்லதான் ஏறணும். சுத்துவழியா வாய்க்கால் மேட்டுல நடந்து அடுத்த ஸ்டாப்புக்குப் போனேன். அதுக்கும் அடி, ஏன்னா வயசுக்கு வந்த பொண்ணு வாய்க்கால் மேட்டுல தனியா நடக்கலாமா.

கொடுமைன்னு ஒரு வார்த்தையில எழுத வரல. அன்னைக்கு அந்த மண்டபத்துல இருந்த அத்தனை பேரும் என் மேல பிரியமா இருந்தாங்க. என் பாட்டி கழுத்துல கிடந்த காசுமாலையைக் கழட்டி எனக்குப் போட்டா. வெறுக்கறவங்ககிட்டேர்ந்து ஓடிடலாம். இவங்ககிட்டேர்ந்து எங்க ஓடறது? ராத்திரி மொய்க் கணக்கு எழுதறப்ப அப்பா பக்கத்துல உட்கார்ந்து நான்தான் கூட்டல் போட்டேன்.

ஜூன் 17

"நம்ம பண்பாட்டைக் குறை சொல்றான்"னு ஒருத்தர். இல்லீங்க. ஆசைப்படற பொண்ணுக்குச் சடங்கு பண்ணுங்க, நானே மொய் எழுத வர்றேன். எங்க தெருவுல ஒன்பதாவதுல நின்ன அந்தப் புள்ள என் சடங்கு அன்னைக்கு மண்டப வாசல்ல நின்னு என் புடவையையே பார்த்துக்கிட்டிருந்துச்சு. மாத்திக்க முடிஞ்சிருந்தா ரெண்டு பேருக்கும் அன்னைக்கே முடிஞ்சிருக்கும், மண்டப வாடகையும் மிச்சம்.

ஜூன் 29

சாந்தி சௌந்தரராஜன் பேரைச் சிலர் இழுத்திருக்கீங்க, "அவங்களும் இந்த கேஸ்தானே"ன்னு. இல்ல. புதுக்கோட்டை சாந்தி பொண்ணாப் பொறந்து, பொண்ணா வளர்ந்து, பொண்ணாவே ஓடினாங்க. 2006 தோஹா ஆசிய விளையாட்டுல 800 மீட்டர்ல வெள்ளி, அப்புறம் பாலினப் பரிசோதனைன்னு சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கிட்டாங்க. செங்கல் சூளை வேலைக்குப் போன வீட்டுப் புள்ள, உடம்புக்குள்ள என்ன இருக்குன்னு ஊரே டி.வி.யில பேசிச்சு. அது ஊடுபால், அதாவது உடம்பே முழுசா ஆணுன்னோ பெண்ணுன்னோ வகைப்படாமப் பொறக்கறது பத்தின விஷயம். என்னுது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.

ஆனா ஒரு இடத்துல ரெண்டும் சேருது. 2019 ஏப்ரல்ல மதுரைக் கிளையில நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தூத்துக்குடி ஜோடி ஒண்ணோட வழக்குல, இந்துத் திருமணச் சட்டத்துல மணமகள்னா திருநங்கையும் சேர்த்தின்னு தீர்ப்புச் சொன்னார். கல்யாணத்தைப் பதிய மாட்டேன்னதுதான் வழக்கு. அதே தீர்ப்புலதான் ஊடுபால் குழந்தைங்களுக்குப் பொறந்த உடனே ஆபரேஷன் பண்ணி ஆணாவோ பெண்ணாவோ "சரி" பண்ணக் கூடாதுன்னும் சொன்னார், அந்த ஆகஸ்டுலயே தமிழக அரசு தடை ஆணை போட்டுச்சு. நாட்டுலயே முதல்ல. இதெல்லாம் நம்ம ஊர்ல நடந்தது, ஆனா ஊர்ல யாருக்கும் தெரியாது. டீக்கடையில கூவாகம் திருநங்கைங்க திருவிழா பத்திக் கேளுங்க, ஒரு மணி நேரம் பேசுவாங்க.

கூவாகம் எங்க வீட்லேர்ந்து பஸ்ஸுல போற தூரம்தான். சித்திரையில தாலி கட்டறது, மறுநாள் தேர், தாலி அறுக்கறது, எல்லாம் சின்ன வயசுல பார்த்திருக்கேன். ஊர்ப் பொம்பளைங்க திருநங்கைங்க கையால குழந்தையை ஆசீர்வாதம் பண்ணிக்க வரிசையில நிப்பாங்க. அதே பொம்பளைங்கதான் ஒன்பதாவதுல நின்ன புள்ளையை வாசப்படி ஏற விடாதவங்க.

ஜூலை 6

வீட்டை விட்டுப் போன கதை கேட்டீங்க. சுருக்கமா. டிகிரி முடிச்சேன், மாமா பையனுக்குப் பேசி முடிச்சாங்க, பூ வைக்கறதுக்கு முந்தின வாரம் கிளம்பிட்டேன். 2018. அப்பா ஸ்டேஷன்ல "பெண் காணவில்லை"ன்னு எழுதிக் குடுத்தார். திருப்பூர்லேர்ந்து கூட்டிட்டுப் போய் உட்கார வச்சாங்க. எந்த ஸ்டேஷன்னு எழுத மாட்டேன். எனக்கு 21. நால்சா தீர்ப்பு வந்து நாலு வருஷம் ஆச்சு, அந்த அறைக்குள்ள அது வந்து சேரல. ஒரு ஏட்டம்மா சட்டையைக் கழட்டிப் பார்த்துடலாம்னாங்க. இன்ஸ்பெக்டர் வேண்டாம்னு தலையாட்டினார், இன்னும் அந்தத் தலையாட்டலுக்கு நன்றி சொல்றதா வேண்டாமான்னு தெரியல. "என் விருப்பப்படி போனேன்"னு எழுதி வாங்கி விட்டுட்டாங்க.

முன்ன சொன்ன 2021 உத்தரவு இந்த மாதிரிப் புகார்லேர்ந்துதான் ஆரம்பிச்சது. ஒருத்தரை ஒருத்தர் விரும்பி மதுரையிலேர்ந்து சென்னைக்கு வந்த ரெண்டு இளம்பெண்கள், பெத்தவங்க குடுத்த காணாமல் போன புகார். மேஜரான ஆளுங்க இஷ்டப்பட்டு இருக்காங்கன்னு தெரிஞ்சா புகாரை முடிச்சுட்டு, தொந்தரவு பண்ணாம விடணும்னு நீதிபதி எழுதினார். 2022-ல போலீஸ் நடத்தை விதியிலயே இவங்களைத் துன்புறுத்தக் கூடாதுன்னு சேர்த்தாங்க. எனக்கு லேட். அந்தப் புள்ளைக்கு லேட் இல்ல.

திருநங்கைங்களுக்கு வெளிய போனா ஜமாத்னு அவங்களுக்குள்ள குடும்பம் மாதிரி ஒரு குழு இருக்கு. அம்மா உண்டு, நானி (பாட்டி) உண்டு, மக உண்டு. கடை கேக்கப் போகணும் (கடைகடையாக் கை தட்டிக் காசு கேக்கறது), கடன் இருக்கும், அடியும் இருக்கும், அது சொர்க்கம்னு யாரும் சொல்லல, ஆனா ராத்திரி தூங்க ஒரு பாய் கிடைக்கும். எங்களுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. லேடீஸ் ஹாஸ்டல்ல தங்க முடியாது, ஜென்ட்ஸ் ரூமுக்குப் போகப் பயம். எனக்கு முதல்ல சோறு போட்டது ஒரு திருநங்கை அக்காதான், அவிநாசி ரோட்டுல கடை கேக்கறவங்க. "நீ என்னடா, கை தட்டக்கூடத் தெரியல"ன்னு சிரிச்சாங்க. ஒன்பதாவதுல நின்ன எங்க தெருப் புள்ள பெங்களூர்ல இருக்குன்னு அவங்க மூலமாத்தான் தெரிஞ்சுது.

அதனால அக்கா, வீட்டை விட்டு வெளிய அனுப்பி எங்கயாவது சேர்த்துவிடலாமான்னு கேட்டதுக்கு என் பதில்: 18-க்குக் கீழ கூடாது. உங்க வீட்ல கொண்டு வந்து வச்சுக்கறதா இருந்தா மட்டும் சரி. அடி தாங்க முடியாத நிலைமைன்னா குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் பண்ணுங்க, அது எல்லாக் குழந்தைக்கும்தான். பாலியல் தொல்லைன்னா போக்சோ சட்டம், ஆணா பெண்ணா திருநரான்னு பாக்காது. 18 தாண்டின திருநரைப் பலாத்காரம் பண்ணினா 2019 சட்டத்துல அதிகபட்சமே ரெண்டு வருஷம்தான். பெண்ணுக்கு நடந்தா குறைஞ்சது பத்து வருஷம்ங்கற குற்றம். சட்டம் போட்டவங்க எங்களுக்குத் தள்ளுபடி விலை வச்சிருக்காங்க.

ஜூலை 7

நேத்து எழுதினதுல கடைசி வரியை மட்டும் பிடிச்சுக்கிட்டு அரசியல் பேசறீங்க. பேசிக்குங்க. கேட்ட அக்காவுக்கு வேண்டியது அதுக்கு முந்தின வரி, 1098.

ஆகஸ்ட் 10

நேத்து கோவையில தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கினாங்க. பொண்ணுங்களுக்குப் புதுமைப் பெண், பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன், ரெண்டுலயும் மாசம் 1,000 ரூபா. கம்பெனியில ஃப்ரெண்டு கேட்டான், "நீ இப்ப படிச்சா உனக்கு எதுடா?" ரெண்டு ஃபாரமும் போட்டு 2,000 வாங்குவேன்னேன்.

விளையாட்டு இருக்கட்டும். அரசுப் பள்ளியில படிக்கற உங்க புள்ள +2 முடிச்சுக் காலேஜ் போறப்ப சர்டிபிகேட்ல என்ன போட்டிருக்கோ அதன்படி பணம் வரட்டும், வாங்கிக்கச் சொல்லுங்க. மானப் பிரச்சினையா எடுத்து விட வேண்டாம். இதைச் சொல்ல எனக்குத் தகுதி கம்மி. 2021-ல டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு இலவசம்னு வந்தப்ப, என் முகத்துல இன்னும் மீசை வரல. கண்டக்டர் என்னைப் பார்த்ததும் இலவச டிக்கெட்டைக் கிழிப்பார். நான் காசை நீட்டுவேன். "இலவசம்மா"ன்னு அவர், "பரவால்ல குடுங்க"ன்னு நான். திருப்பூர்ல காசு குடுத்து டிக்கெட் வாங்கற ஒரே பொம்பளைன்னு அந்த ரூட்ல பேர் எடுத்திருந்தேன். கொஞ்ச நாள்ல திருநங்கைங்களுக்கும் இலவசம் ஆச்சு. என்னை அதுலயும் சேர்க்கல. ஒருநாள் அதே கண்டக்டர் ஒண்ணும் பேசாம, காசை வாங்கி டிக்கெட்டைக் குடுத்து, "உள்ள போங்க சார்"னார். வீட்டுக்கு வந்து அந்த டிக்கெட்டைப் பர்ஸ்ல வச்சேன். மை அழிஞ்சு வெறும் தாளாயிடுச்சு, தூக்கிப் போட்டுட்டேன்.

இடஒதுக்கீடு கேட்டவருக்கு: 2015-ல தமிழ்நாடு எங்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்ல சேர்த்துச்சு. கிரேஸ் பானு அக்கா வருஷக்கணக்கா எதிர்க்கறது இதைத்தான். தூத்துக்குடிக்காரங்க, தமிழ்நாட்டுல பொறியியல் கல்லூரியில இடம் வாங்கின முதல் திருநங்கை. திருநர்ங்கறது ஜாதி இல்ல, ஒவ்வொரு ஜாதிப் பிரிவுக்குள்ளயும் எங்களுக்குன்னு தனி இடம் வேணும்ங்கறது அவங்க வாதம். கர்நாடகா 2021-லயே அரசு வேலையில 1 சதவீதம் அப்படிக் குடுத்துச்சு. அவங்க வளர்ப்பு மக தாரிகா பானுவுக்குச் சித்த மருத்துவ சீட்டு 2017-ல கோர்ட்டுப் படி ஏறித்தான் கிடைச்சது. திருநங்கை பிரித்திகா யாஷினிக்குப் போலீஸ் எஸ்.ஐ. வேலையும் கோர்ட்டாலதான். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒவ்வொரு கேஸ் போட்டா வக்கீலுங்க நல்லா இருப்பாங்க.

ஆகஸ்ட் 25

"உங்க வீட்ல இப்ப ஏத்துக்கிட்டாங்களா?" இந்தக் கேள்வி நிறையப் பேர் கேட்டுட்டீங்க.

தெரியல. அளவுகோல் என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு, ரேஷன் கார்டு. நான் ஓடிப்போனதும் கார்டுலேர்ந்து பேரை நீக்கறேன்னு அப்பா கிளம்பினார். அம்மா விடல. "ஆள் கணக்குக்குத்தான் அரிசி, நீ கொண்டு வருவியா"ன்னு கேட்டாளாம். பாசம்னு வெளிய சொல்ல முடியாத வீட்ல அரிசின்னு சொல்லிக்கலாம். என் பழைய பேர் இன்னும் அந்த கார்டுல இருக்கு. அடையாளச் சான்றிதழ், அரசிதழ்ல பேர் மாத்தம், ஆதார் எல்லாம் முடிச்சாச்சு, பாக்கி அது ஒண்ணுதான். மாத்தணும்னா குடும்பத் தலைவர்ங்கற முறையில அப்பா போன்ல ஓ.டி.பி. வரணும். கேக்கல.

அப்பா போன் பண்றார், நிலம் பத்தி மட்டும். கிணத்து மோட்டார், பக்கத்துக் காட்டுக்காரன் வரப்பை வெட்டினது, பட்டா. "ஏய்"ன்னுதான் ஆரம்பிப்பார். முன்ன "ஏண்டி"ன்னு இருந்தது. போன பொங்கலுக்குப் பாட்டி பேசினா, "மீசை வச்சுட்டியாமே, உங்க தாத்தா மாதிரியா?"ன்னா. போட்டோ அனுப்பினேன். தாத்தா மாதிரி இல்லையாம், தாத்தாவோட தம்பி மாதிரியாம், அந்த ஆளு குடிகாரன்.

மாமா மட்டும் நேர்ல வந்தார். நான் போகாத கல்யாணத்தால அவர் பையனுக்குத்தான் அசிங்கம், அதனால சண்டைக்கு வர்றார்னு நினைச்சேன். பனியன் கடை வைக்க மொத்த விலையில சரக்கு எங்க கிடைக்கும்னு கேக்க வந்தாராம். ரெண்டு நாள் என் ரூம்ல தங்கினார். கிளம்பறப்ப, "சீர் செஞ்ச பாத்திரமெல்லாம் உங்கம்மா பரண்ல இருக்கு, உனக்கு வேணுமா, இல்ல சின்னவளுக்குக் குடுத்துடவா"ன்னார். குடுத்துடுங்கன்னேன். மாமா கடை நல்லா ஓடுது.

ஆகஸ்ட் 26

ஸ்கூலுக்கு ஒரு கையேடு வேணும், டீச்சர்களுக்குப் பயிற்சி வேணும்னு ஒரு ஆசிரியர் எழுதியிருக்கீங்க. இருந்துச்சு சார். 2021-ல என்.சி.இ.ஆர்.டி. திருநர் குழந்தைங்களைப் பள்ளியில எப்படிச் சேர்த்துக்கறதுன்னு ஒரு பயிற்சி நூல் போட்டுச்சு. புகார் வந்த கையோட வெப்சைட்லேர்ந்து தூக்கிட்டாங்க. நீங்க அதுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆம்பளப் புள்ள பொம்பளப் புள்ளன்னு பிரிக்காம பேர் வரிசையில அட்டெண்டன்ஸ் எடுங்க. டீச்சர்ஸ் பாத்ரூம் சாவியை அந்தப் புள்ளைக்குக் குடுங்க. முதல் ஆளா யாராவது பட்டப்பேர் வைக்கறப்ப சிரிக்காதீங்க. எங்க சோஷியல் டீச்சர் சிரிக்கல. அவங்க பீரியட்ல மட்டும் யாரும் என்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

செப்டம்பர் 1

அக்கா, முடிவெட்டுக்கு அவர் ஒத்துக்கிட்டாரா! சலூன்லயே கூட்டிட்டுப் போய் வெட்டினாரா! காசு அவரே குடுத்தாரான்னு எழுதலையே.

ஆவணி முகூர்த்தக் கல்யாணத்துக்குப் புடவை கட்டியே ஆகணும்னு சொல்றார்னா, இதுல ரொம்ப முறுக்க வேண்டாம், விட்டுக் குடுக்கவும் வேண்டாம். முடிக்கு ஒத்துக்கிட்ட மனுஷன் சொந்தக்காரங்க முன்னாடி ஒரு நாள் தப்பிக்கப் பாக்கறார். புள்ளைகிட்டயே கேளுங்க. வர இஷ்டமில்லைன்னா பரீட்சைன்னு சொல்லிடலாம், யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. நீங்களும் கல்யாணத்துக்குப் போகாம கூட இருந்துடுங்க. வர்றேன்னு சொன்னா குர்தாவும் பேண்ட்டும். எல்லாக் கல்யாணத்துலயும் இப்ப பொண்ணுங்க போடறதுதான், ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. லேடீஸ் செக்ஷன்ல எடுக்காதீங்க. ஜென்ட்ஸ்ல சின்ன சைஸ் எடுங்க, விலையும் கம்மி, பாக்கெட்டும் இருக்கும்.